முள் ஏறுதா? வண்டியை ஓரங்கட்டு மச்சி!

கேம்பஸ் கேரேஜ்

எக்ஸாம் முடிஞ்ச கையோட ஊட்டி, ஏற்காடு, கொல்லிமலைன்னு கிளம்ப பிளான் போட்டாச்சா? போங்க, போங்க. ஆனா ஒரு விஷயம். மலை ஏறும்போது உங்களுக்கு முன்னாடி கண்டிப்பா ஒரு லாரி ஊர்ந்துக்கிட்டு இருக்கும். நீங்க பின்னாடி நின்னு ஹாரனை அமுக்கி, "இந்த ஆளு நகரவே மாட்டாரா?"ன்னு புலம்புவீங்க. கொஞ்ச தூரம் போனதும் அந்த லாரி ஓரமா நின்னுடும். டிரைவர் இறங்கி, டயருக்குப் பின்னாடி கல்லு வெச்சுட்டு, பீடியைப் பத்த வெச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவார். "பாருய்யா, ரெஸ்ட் எடுக்குறார்"னு சிரிச்சுக்கிட்டே நீங்க ஓவர்டேக் பண்ணிடுவீங்க.

நானும் அப்படித்தான் சிரிச்சவன். ஒரு நாள் அந்த லாரிக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தப்போதான் சிரிப்பு நின்னுச்சு.

அப்போ நான் மெக்கானிக்கல் செகண்ட் இயர். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வாங்கிட்ட தெனாவெட்டு. எங்க மாமா சொந்தமா ஒரு பத்து வீல் லாரி வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்தார். மே மாசம். கோயம்புத்தூரில் இருந்து மைசூருக்கு காஸ்டிங் லோடு. கிளீனர் லீவு போட்டதால, "சும்மாதானே இருக்கே, வா மாப்ளே"ன்னு என்னை ஏத்திக்கிட்டார். வழி, சத்தியமங்கலம் தாண்டி பண்ணாரி, அப்புறம் திம்பம் மலைப்பாதை. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு.

காலையில வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே மாமா ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணி மட்டம் பார்த்தார். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்தார். ஹோஸ் குழாய் ஒவ்வொண்ணையும் தடவிப் பார்த்தார். ரெண்டு 20 லிட்டர் கேன்ல தண்ணி பிடிச்சு கேபினுக்குப் பின்னாடி கட்டினார். "எதுக்கு மாமா இவ்வளவு தண்ணி?"ன்னு கேட்டேன். "மலைக்குப் போறமல்ல, வேணும்"னார். அவ்வளவுதான் பதில்.

பண்ணாரி அம்மனுக்கு கற்பூரம் ஏத்திட்டு மலை ஏற ஆரம்பிச்சோம். மத்தியானம் ரெண்டு மணி. பாதி வளைவு தாண்டியிருப்போம், டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில் இருந்து மெதுவா நகர ஆரம்பிச்சுது. மாமா ஒரு கியர் இறக்கினார். முள் கொஞ்சம் நின்னுச்சு. மறுபடி ஏறிச்சு. சிவப்புக் கோட்டுக்கு இன்னும் ஒரு விரல் அகலம் இருக்கு. மாமா கொஞ்சம் அகலமான இடமாப் பார்த்து வண்டியை ஓரங்கட்டிட்டார்.

எனக்குப் பொறுக்கலை. "இன்னும் ஏழெட்டு பென்டுதானுங்க மாமா, சிவப்பையே தொடலை, போயிரலாமுங்க"ன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "இறங்கி ரெண்டு கல்லு எடுத்து வை மாப்ளே"ன்னார்.

கல்லு வெச்சுட்டு நான் மூஞ்சியைத் தூக்கிட்டு உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தில், நீங்க ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. நான் அன்னிக்குப் போட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

வண்டியும் லோடும் சேர்ந்து 25 டன். மூணு ஆக்ஸில் லாரிக்கு அப்போ அதுதான் சட்ட வரம்பு. 2018-ல் தான் அது 28.5 டன்னா உயர்ந்துச்சு. இந்த வண்டி சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகுதுன்னு வெச்சுக்குவோம். டயர் உராய்வையும் எதிர்காத்தையும் சமாளிக்க சுமார் 50 கிலோவாட் போதும். அதே வண்டி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரம் ஏறுற சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுது. அப்படின்னா செகண்டுக்கு 33 சென்டிமீட்டர் உயரம் 25 டன்னைத் தூக்கணும். எடை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கிப் பாருங்க. தூக்க மட்டும் சுமார் 82 கிலோவாட். டயர் உராய்வையும் சேர்த்தா 90-ஐத் தாண்டிடும்.

இப்போ மேட்டர் புரியுதா? இன்ஜினுக்கு வேலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா வேகம் 60-ல் இருந்து 20-க்கு வந்துட்டதால, முன்பக்கமா வந்து ரேடியேட்டரில் மோதுற காத்து மூணுல ஒரு பங்கு. பசி ரெண்டு மடங்கு, சோறு மூணுல ஒரு பங்குன்னா எந்த ஹாஸ்டல்தான் கொதிக்காது?

இன்னொரு விஷயமும் இருக்கு. டீசலை எரிச்சா கிடைக்கிற சக்தியில் சக்கரத்துக்குப் போறது பாதிக்கும் கம்மி. மீதியெல்லாம் வெப்பம்தான். ஒரு பங்கு சைலன்சர் வழியா வெளியே போயிடும். ஒரு பங்கை இன்ஜினைச் சுத்தி ஓடுற தண்ணிதான் வாங்கிக்கணும். நம்ம ஏத்தத்துக்கு, குறைச்சலா வெச்சாலும் 60 கிலோவாட் வெப்பம் அந்தத் தண்ணிக்குள்ளே போகுது. வீட்டில் இருக்கிற 2,000 வாட் இண்டக்‌ஷன் ஸ்டவ் முப்பதை ஒண்ணா வெச்சு ஒரே பாத்திரத்தைச் சூடு பண்ற மாதிரி! அந்த வெப்பத்தை வாங்கின வேகத்தில் ரேடியேட்டர் காத்துக்குத் தள்ளிடணும். தள்ள முடியலைன்னா முள் ஏறும். கதை அவ்வளவுதான்.

சரி, கியரை இறக்கினப்போ முள் ஏன் நின்னுச்சு? ரேடியேட்டர் ஃபேனும் வாட்டர் பம்பும் இன்ஜின் ஓட்டத்தில் சுத்துறது. பெரிய கியரில் இன்ஜினை முக்க முக்க ஏத்தினா ஆர்.பி.எம். விழும், ஃபேனும் மெதுவாச் சுத்தும், தண்ணியும் மெதுவா ஓடும். ஒரு கியர் இறக்கினா இன்ஜின் கலகலன்னு சுத்தும், ஃபேனும் பம்பும் வேகம் பிடிக்கும். "பெரிய கியரில் ஏத்தினா டீசல் மிச்சம்"னு சொல்றவங்க, அப்புறம் வரப்போற கேஸ்கெட் செலவைக் கணக்கில் சேர்க்கிறதில்லை. ஏத்தம் வந்த பிறகு இறக்கிறதை விட, ஏத்தம் ஆரம்பிக்கும்போதே இறக்கிடுறது நல்லது.

இப்போ திம்பத்துக்கு வருவோம். நாங்க நின்னுக்கிட்டு இருந்தப்போ இன்னொரு லாரி எங்களைத் தாண்டி ஏறிச்சு. அதே மாதிரி லோடு. இன்ஜின் திணறுற சத்தம் நல்லாவே கேட்டுச்சு. "பாருங்க மாமா, அவங்க போறாங்க"ன்னேன். மாமா பேசலை.

முள் இறங்கி, நாங்க கிளம்பி ரெண்டு வளைவு தாண்டினதும் அந்த லாரி நடு ரோட்டில் நின்னுச்சு. முன்பக்கம் ஒரே ஆவி. பக்கத்தில் ஒரு பையன் கீழே உட்கார்ந்து அலறிக்கிட்டு இருந்தான். என் வயசுதான் இருக்கும். கிளீனர். வண்டி கொதிச்சு நின்னதும், தண்ணி ஊத்தறதுக்காக அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டான். கழுத்து, மார்பு, வலது கை முழுக்க வெந்துடுச்சு.

மூடியைத் திறந்தா ஏன் அப்படிப் பீய்ச்சி அடிக்குது? அம்மாவோட குக்கரை நினைச்சுக்குங்க. சாதாரணமா தண்ணி 100 டிகிரியில் கொதிக்கும். திம்பம் மாதிரி ஆயிரம் மீட்டர் உயரத்தில் 97 டிகிரியை ஒட்டியே கொதிச்சுடும். ஆனா ரேடியேட்டர் மூடி சும்மா மூடி கிடையாது. உள்ளே ஸ்பிரிங் வெச்ச ஒரு வால்வு. 15 பி.எஸ்.ஐ. மூடின்னா, உள்ளே இருக்கிற தண்ணி சுமார் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திருகினீங்கன்னா அழுத்தம் சட்டுன்னு போயிடும். அடுத்த நொடி உள்ளே இருக்கிற தண்ணியில் ஒரு பகுதி அப்படியே ஆவியா மாறி, மிச்சத்தையும் இழுத்துக்கிட்டு வெளியே பாயும். குக்கரில் விசில் அடங்காம மூடியைத் திறப்பீங்களா? இதுவும் அதே குக்கர்தான், சைஸ்தான் பெருசு.

மாமா ஓடிப்போய் எங்க வண்டியில் இருந்த கேனை அவிழ்த்தார். பையனோட சட்டையைக் கழட்டிட்டு, மெதுவா, விடாம, வெந்த இடத்தில் தண்ணியை ஊத்திக்கிட்டே இருந்தார். அந்த டிரைவர் அண்ணன் ஏதோ மாவைக் கொண்டு வந்து பூசப் பார்த்தார். மாமா கையைத் தட்டிவிட்டார். ரெண்டு கேனும் காலி. அப்புறம் கீழே இறங்கின ஒரு காரை நிறுத்தி, சத்தியமங்கலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சோம். இன்ஜினுக்காகக் கொண்டு வந்த 40 லிட்டர் தண்ணியில் ஒரு சொட்டு கூட இன்ஜினுக்குப் போகலை.

இதை நோட் பண்ணிக்குங்க: கொதிநீரோ ஆவியோ பட்டா, ஓடுற சாதாரண தண்ணியில் 20 நிமிஷம். ஐஸ் வேண்டாம். மாவு, பேஸ்ட், இங்க், எண்ணெய் எதுவும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரி. வண்டிக்கு மட்டுமில்லை, ஹாஸ்டல் கிச்சனுக்கும் இதேதான்.

திரும்ப வண்டியில் ஏறினதும் ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசலை. மேலே ஏறி சமதளம் வந்ததும்தான் மாமா வாயைத் திறந்தார். "நீ சொன்ன மாதிரி நானும் ஏறியிருந்தா, இன்னிக்கு கிளீனர் சீட்டுல இருந்தது நீதான் மாப்ளே. மூடியை நீதான் திறந்திருப்பே."

தெர்மோடைனமிக்ஸில் வாங்கின மார்க் அப்போ ஞாபகமே வரலை.

ஓகே, இப்போ பாடம். லாரி மட்டும்னு நினைக்காதீங்க. டிரெய்லர் இழுக்கிற டிராக்டர், பழுதான வண்டியைக் கட்டி இழுக்கிற ஜீப், ஏழு பேரையும் மூட்டை முடிச்சையும் அள்ளிப் போட்டுக்கிட்டு ஊட்டி ஏறுற உங்க அப்பா கார் எல்லாத்துக்கும் இதே கதைதான். கனமான லோடு, ஏத்தம், குறைஞ்ச வேகம், மே மாச வெயில் - இந்த நாலும் சேர்ந்தா உஷார்.

கிளம்புறதுக்கு முன்னாடி

1. தண்ணி மட்டத்தை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, காலையிலேயே பாருங்க. ஒவ்வொரு நாளும் குறையுதுன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். தினமும் ஊத்திச் சமாளிக்காதீங்க, ஓட்டையைத் தேடுங்க.

2. போர்வெல் உப்புத்தண்ணி வேண்டாம். வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையா உப்பு படியுதே, அதேதான் இன்ஜினுக்குள்ளேயும் படியும். படிஞ்ச இடத்தில் வெப்பம் தண்ணிக்குப் போகாது. கம்பெனி சொன்ன கூலன்ட்டை, சொன்ன அளவில் சுத்தமான தண்ணியோட கலந்து ஊத்தணும். கூலன்ட் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் ஏத்தும். அதுக்காக "ஜாஸ்தி ஊத்தினா ஜாஸ்தி குளிரும்"னு முழுக்க கூலன்ட்டா ஊத்தாதீங்க. வெப்பத்தைச் சுமக்கிறதில் தண்ணிதான் கில்லாடி.

3. ரேடியேட்டர் முகத்தைப் பாருங்க. வைக்கோல், பஞ்சு, தவிட்டு லோடு அடிக்கிற வண்டிகளில் தூசியும் பூச்சியும் அடைச்சு கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். ஃபேன் பக்கம் இருந்து முன்பக்கமா காத்தடிச்சு ஊதினா வந்துடும். ரொம்ப அழுத்தமா அடிச்சா ஃபின் வளைஞ்சுடும், பார்த்து.

4. ஃபேன் பெல்ட் தளர்ந்தா ஃபேனும் பம்பும் தூங்கும். மூடியோட ஸ்பிரிங், ரப்பர் போயிடுச்சுன்னா அழுத்தம் நிக்காது. 120 டிகிரி தாங்க வேண்டிய தண்ணி நூறிலேயே பொங்கிடும். மூடி விலை சின்னது, மாத்திடுங்க.

5. "ஹீட் ஆகுதா? தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசு"ன்னு சில மெக்கானிக் அண்ணன்கள் சொல்வாங்க. செய்யாதீங்க. அது இல்லைன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம தேயும். பல இன்ஜின்களில் தண்ணி ரேடியேட்டர் பக்கம் போகாம குறுக்கு வழியிலேயே சுத்தி, ஹீட் இன்னும் ஜாஸ்தியாகும். கெட்டுப் போச்சுன்னா புதுசு போடுங்க.

6. ஓவர்லோடு. இதுதான் தலையாய வில்லன். 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆனா மலை போடுற அபராதம் அதை விடப் பெருசு.

முள் ஏறும்போது

ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துங்க, ஒரு கியர் இறக்குங்க, ஏ.சி. ஓடினா நிறுத்துங்க. (2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனா ஏத்தத்தில் அதுவும் இன்ஜினுக்கு ஒரு சுமைதான்.) காரில் ஹீட்டர் இருந்தா அதை முழுசாத் திறந்து விடுங்க, உள்ளே வெந்தாலும் இன்ஜினோட சூட்டில் கொஞ்சம் வெளியேறும்.

அப்பவும் இறங்கலையா? சிவப்பைத் தொடுற வரைக்கும் காத்திருக்காதீங்க. வளைவில் இல்லாம, அகலமான இடத்தில் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைங்க. ஆவி வரலை, தண்ணி ஒழுகலைன்னா உடனே ஆஃப் பண்ண வேண்டாம். நியூட்ரலில் கொஞ்சம் ரேஸ் கொடுத்து ரெண்டு மூணு நிமிஷம் ஓட விடுங்க. ஃபேன் சுத்தி சூட்டை இழுக்கும். ஆவி வருது, தண்ணி போயிடுச்சுன்னா அந்த நொடியே ஆஃப்.

முக்கியமான பொறி ஒண்ணு இருக்கு. ஏறிக்கிட்டே இருந்த முள் திடீர்னு கீழே இறங்கினா சந்தோஷப்படாதீங்க. தண்ணி குறைஞ்சு சென்சார் காத்தில் தொங்கினாலும் முள் இறங்கும். அப்போ இன்ஜின் பத்திக்கிட்டு இருக்கும், டேஷ்போர்டு மட்டும் சிரிக்கும்.

மூடியைக் குறைஞ்சது அரை மணி நேரத்துக்குத் தொடாதீங்க. மேல் ஹோஸை வெறுங்கையால சுடாமப் பிடிக்க முடிஞ்சு, அமுக்கினா மெத்துன்னு அமுங்கினாத்தான் திறக்கணும். கொதிக்கிற இன்ஜின் மேல பச்சைத் தண்ணியை ஊத்தினா சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுடும். கொதிக்கக் கொதிக்க ஓட்டினா ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், கடைசியில் பிஸ்டன் இறுகி இன்ஜின் ஜாம். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தா பால் காபி நிறத்தில் இருக்கா? தண்ணி ஆயிலில் கலந்துடுச்சு. அதுக்கப்புறம் ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒத்தை லாரி வெச்சிருக்கிறவருக்கு ஒரு இன்ஜின் வேலைன்னா வருஷக் கணக்கில் கடன். பாதிக்கப்படுறது வண்டியோட முதலாளி மட்டுமில்லை, அந்த வீட்டில் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய ஒரு பையனோ பொண்ணோ கூடத்தான்.

திம்பத்தில் 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால இரவு நேரத்தில் லாரிகளுக்குத் தடை வந்துச்சு. வனவிலங்குகளுக்காக வந்த நியாயமான ஏற்பாடுதான். ஆனா கெடு நேரம் நெருங்க நெருங்க எந்த டிரைவருக்கும் "இன்னும் ஏழெட்டு பென்டுதானே"ன்னு தோணும். அந்த நினைப்பு வர்ற நேரத்தில்தான் முள்ளைப் பார்க்கணும்.

கடைசியா, பைக் பார்ட்டிகளுக்கும் லாரி அண்ணன்களுக்கும் சேர்த்து ஒரு ரிக்வெஸ்ட். சக்கரத்துக்கு வெச்ச கல்லை, கிளம்பும்போது மறக்காம எடுத்து ஓரமாப் போடுங்க. அப்படியே விட்டுட்டுப் போன கல்லில் இருட்டில் ஏறி விழறது பின்னாடி வர்ற டூ வீலர். அன்னிக்குத் திம்பத்தில் அந்த ஆவியும் அலறலும் அடங்கின பிறகு, எங்க மாமா கிளம்புறதுக்கு முன்னாடி கடைசியாச் செஞ்ச காரியம், அந்த இன்னொரு லாரிக்காரர் பழைய இடத்தில் விட்டிருந்த ரெண்டு கல்லைத் தூக்கிப் பள்ளத்துப் பக்கம் வெச்சதுதான்.

இனிமே மலையில ஒரு லாரி ஓரமா நின்னுக்கிட்டு இருந்தா சிரிக்காதீங்க. உங்க கிட்ட தண்ணி இருந்தா நிறுத்தி, "அண்ணே, தண்ணி வேணுமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. உங்க வகுப்பிலேயே ஒரு டிரைவரோட பிள்ளை இருக்கலாம். அவங்க அப்பாதான் அதுன்னு கூட இருக்கலாம்.

அடுத்த வாரம் வேற ஒரு வண்டியோட சந்திப்போம். வரட்டா?